முதலில் டயர், மற்றதெல்லாம் அப்புறம்

என் ஜீப்புக்கு 31 அங்குல டயரிலிருந்து 35-க்குப் போகலாம் என்று முடிவாகிவிட்டது. சஸ்பென்ஷனில்தான் முதலில் கை வைக்க நினைத்தேன், ஆனால் டயர் அளவு தெரியாமல் எவ்வளவு உயர்த்துவது? அச்சுக்கு அடியில் கூடப்போவது 2 அங்குலம்தான், விட்டத்தில் கூடும் 4 அங்குலத்தில் பாதி. சஸ்பென்ஷனை உயர்த்தும் லிஃப்ட் கிட் வண்டியின் உடலைத்தான் தூக்கும், அச்சை அல்ல.

டயர் பெரிதானால் அச்சின் கியர் விகிதமும் (சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) கூட வேண்டும். கணக்கு எளிது: இப்போதுள்ள 4.10-ஐ 35-ஆல் பெருக்கி 31-ஆல் வகுத்தால் சுமார் 4.63. பக்கத்தில் கிடைப்பவை 4.56, 4.88. பாறையில் ஊர்ந்து ஏறவும், கனமான டயரைச் சுழற்றவும் எனக்கு 4.88 சரி, நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் கத்தும், கத்தட்டும். நான்கு சக்கர இயக்கம் என்பதால் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலிலும் (அச்சின் நடுவே உள்ள கியர் பெட்டி) கியரைச் சேர்த்தே மாற்ற வேண்டும், பர்ஸ் அழுவது அங்கேதான். ஸ்பீடோமீட்டரையும் திருத்தியாக வேண்டும்.