யோமித்தான் குறிப்புகள்

ஜூன் 18
மழை விடவில்லை. வார்டில் இவளைப் பார்க்கும் டாக்டர் இன்றைக்கும் சதவீதத்தில்தான் பேசினார். ஜப்பானிய மொழி இவளுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

1945-இல் இதே தேதியில் வெள்ளை மாளிகையில் கூட்டம். நவம்பர் 1 அன்று ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷூவில் படையை இறக்கினால் எவ்வளவு பேர் செத்தும் காயப்பட்டும் போவார்கள் என்று பேச்சு. இங்கே, இந்த ஓகினாவாத் தீவில், 35 சதவீதம் அடி வாங்கினோம், அங்கும் அப்படித்தான் இருக்கும் என்கிறார் ஜனாதிபதியின் தலைமை அதிகாரி அட்மிரல் லேஹி. இறங்கப்போவது 7,66,700 பேர் என்கிறார் தரைப்படைத் தலைவர் ஜெனரல் மார்ஷல். யாரும் பெருக்கிப் பார்த்ததாகக் கூட்டக் குறிப்பில் இல்லை. நான் பெருக்கினேன், வார்டு வாசலில் உட்கார்ந்து, போனில். 2,68,345.

ஜூன் 19
தூக்கமில்லை. அந்த 35 சதவீதம் அமெரிக்கப் படை மட்டும்தான், இந்த ஊர்க்காரர்கள் யாருமே இல்லை.

ஜூன் 23
போரில் செத்தவர்களின் பெயர் பொறித்த கற்கள் நிற்கும் மபுனிக்குப் போனேன். ஒரு பாட்டி ஈரத்துண்டால் கல்லில் ஒரே ஒரு பெயரை மட்டும் துடைத்தார். பக்கத்துப் பெயர்மேல் வழிந்த தண்ணீரையும் அப்புறம் ஒற்றி எடுத்தார். மொத்தம் 2,40,000-க்கும் மேல் பெயர்கள், அமெரிக்கர்களும் சேர்த்து. தீவின் மக்களில் நான்கில் ஒருவர் போனார்கள் என்கிறார்கள்.

தலைமையகம் இருந்த ஷூரி விழப்போகிறது என்றதும் மே கடைசியில் இங்கிருந்த ஜப்பானியத் தளபதி ஜெனரல் உஷிஜிமா படையைத் தெற்கே நகர்த்தினார். ஜனங்கள் ஏற்கெனவே ஒளிந்திருந்த பக்கம் அது. சண்டையை இழுத்தடித்து டோக்கியோவுக்கு அவகாசம் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். டோக்கியோவுக்கு இந்தத் தீவு அவகாசம், வாஷிங்டனுக்கு சதவீதம்.

ஜூலை 4
கஞ்சி குடித்தாள். முழுசாக.

ஜூலை 16
நியூ மெக்சிகோவில் அணுகுண்டுச் சோதனை வெடித்த நாள். அன்றைக்கே இண்டியானாபோலிஸ் கப்பல் குண்டின் பாகங்களோடு சான் பிரான்சிஸ்கோவை விட்டுக் கிளம்பிவிட்டது, பசிபிக்கில் இருக்கும் டினியன் தீவுக்கு. அந்தத் தீவையும் முந்தின வருஷம் சண்டை போட்டுத்தான் பிடித்தார்கள். தீவு கிடைத்தால் ஓடுதளம், ஓடுதளம் இருந்தால் விமானம், விமானம் நின்றால் குண்டு. ஜனாதிபதி ட்ரூமன் எந்த இடத்தில் ‘முடிவு’ எடுத்தார் என்று தேடித் தேடி எரிச்சல்தான் வருகிறது.

ஜூலை 25
ட்ரூமனும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். இதே தேதியில், ஜெர்மனியின் பாட்ஸ்டாமில்: குறி ராணுவ இலக்குகள்தான், பெண்களும் குழந்தைகளும் அல்ல என்று. அதே நாளில் வாஷிங்டனிலிருந்து போன உத்தரவில் குண்டு போட நான்கு ஊர்ப் பெயர்கள்: ஹிரோஷிமா, கொகுரா, நிகாட்டா, நாகசாகி. அடுத்தடுத்த குண்டுகள் தயாராகத் தயாராகப் போடலாம் என்றும் இருக்கிறது.

நாட்குறிப்பை நம்பவே கூடாது என்று இவளிடம் சொன்னேன்.
“அப்போ நீங்க மட்டும் ஏன் எழுதுறீங்க?”

ஆகஸ்ட் 6
ரிப்போர்ட் வரவில்லை.

ஆகஸ்ட் 9
குண்டு போடாமல் இருந்திருந்தால் இன்னும் பத்து ஓகினாவா நடந்திருக்கும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். மபுனியைப் பார்த்த பிறகு அதைச் சும்மா தள்ளிவிட முடியவில்லை. ஆனால் நாகசாகி? சோவியத் படை அன்று அதிகாலையே ஜப்பான் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவுக்குள் நுழைந்துவிட்டது. ஹிரோஷிமாவுக்கு அப்புறம் மூன்றே நாள். இரண்டாவது குண்டுக்கென்று யாரும் தனியாக உட்கார்ந்து யோசிக்கவில்லை, பழைய உத்தரவே போதுமானதாக இருந்தது. கொகுராவின் மேல் மூன்று முறை சுற்றியும் குறி தெரியாமல் நாகசாகிக்குப் போனார்கள். 11:02.

திரும்ப டினியன் வரை எரிபொருள் இல்லை. வந்து இறங்கியது இங்கே, யோமித்தானில். கிராம அலுவலகமும் சுற்றியுள்ள நிலமும் அப்போது ஓடுதளம், அமெரிக்கர்கள் ஏப்ரல் 1-ஆம் தேதியே பிடித்தது. மறுநாள் இதே ஊரில் சிபிசிரி குகையில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் கொன்று செத்தார்கள். பிடிபட்டால் சித்திரவதை என்று நம்ப வைத்திருந்தார்கள். பக்கத்து ஷிமுக்கு குகையில் ஹவாயிலிருந்து திரும்பிய இரண்டு பேர் இருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள். வெளியே போய்ப் பேசினார்கள், சுமார் ஆயிரம் பேர் உயிரோடு வந்தார்கள். இரண்டே பேர். இதை எந்தச் சதவீதத்தில் வைப்பது?

ஆகஸ்ட் 10
என் வெளிப்படையான உத்தரவு இல்லாமல் மூன்றாவது குண்டு போடக்கூடாது என்று ட்ரூமன் சொன்ன நாள். அவர் எடுத்த முடிவு என்று நிச்சயமாகச் சொல்ல முடிவது இதைத்தான்: நிறுத்தியது. மற்றதெல்லாம் தானாகவே உருண்டு வந்து

வார்டிலிருந்து போன். ரிப்போர்ட் வந்துவிட்டதாம். மீதி அப்புறம்.