ஆடிக் காற்றும் ஏர் பைப்பும்

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. விடிந்ததிலிருந்து காற்று. லாரி ஷெட்டிலேயே நிற்கிறது. அண்ணன் போன் எடுக்கவில்லை.

ஜூலை 18

பட்டறை மேஸ்திரி பைப்பைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ஏர் கிளீனரிலிருந்து, இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்து விடுகிற மேனிஃபோல்டுக்குப் போகிற வளைவு. அடிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அதன்மேல் எம்-சீல், அதன்மேல் கறுப்புப் பெயின்ட், திரும்பவும் எம்-சீல். அப்பியது யாரோ, எந்த ஊர் பட்டறையோ.

பழைய வேட்டியைக் கிழித்து உள்ளே விட்டுத் துடைத்தேன். துணி முழுக்கச் செம்மண். ஏர் கிளீனருக்கு முன்னால் இருந்தால் பரவாயில்லை, அதைப் பிடிக்கத்தானே அது இருக்கிறது. அதைத் தாண்டிய இடத்தில் மண் இருந்தால் அடுத்த நிறுத்தம் பிஸ்டன்தான்.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஐடிலிங்கில் தடுமாறியே காட்டிக் கொடுத்திருக்கலாம். டீசலுக்கு அந்த வழக்கம் கிடையாது. எந்த ஓட்டை கிடைத்தாலும் அதன் வழியாக இழுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். அப்புறம் ஒருநாள் ஆயில் குறையும், இன்ஜின் மூச்சு விடுகிற பிரீதரில் புகை தள்ளும், லைனர், அதாவது பிஸ்டன் ஓடுகிற உருளை, போச்சு என்பார்கள். மணல் வார்ப்பிரும்பைவிடக் கடினம். ஆயிலோடு கலந்துவிட்டால் லைனருக்கும் ரிங்குக்கும் நடுவில் அரைத்துக்கொண்டே இருக்கும்.

“எத்தனை நாளா இப்படி ஓடுச்சுங்க?” என்று கேட்டார் மேஸ்திரி. அதை யார் கண்டது.

ஜூலை 19

நாமக்கல் போய் வந்தேன். ஸ்பேர்ஸ் கடைகளில் டாடா 1612 லாரிக்கு வளைவு இருக்கிறது, புதுசாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் வண்டிக்குச் சேராது. கேபின் கட்டும்போது அப்பா ஏர் கிளீனரைப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார். தூசி குறையுமாம். யோசனை நல்லதுதான், இன்றைக்கு அதற்குத்தான் அலைகிறேன்.

கடைக்காரப் பையன் சொன்னான்: “இதுக்கெல்லாம் எதுக்குங்ணா மெனக்கெடறீங்க? ரெண்டு ரேடியேட்டர் ஹோஸ வாங்கி நடுவுல பிவிசி பைப்ப வெச்சு கிளிப்பப் போட்டு முறுக்கி விடுங்க.”

ரேடியேட்டர் ஹோஸ் உள்ளேயிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கத்தான் செய்தது. இங்கே இழுவை. சூடேறி இளகினால் உள்பக்கமாகச் சப்பிக்கொள்ளும். பிவிசி 80 டிகிரியிலேயே மெத்தென்று ஆகிவிடும், சூடான புகை போகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோ ஒரு முழத்துக்குள் இருக்கிறது. இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. சரி தம்பி என்று வந்துவிட்டேன்.

ஜூலை 20

தூக்கம் வரவில்லை. 5675.

ஜூலை 21

அந்த எண் மண்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. 697 இன்ஜின், டர்போ இல்லாதது, 5675 சிசி. ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவ்வளவு காற்றை இழுக்கும். 2000 ஆர்.பி.எம்-இல் ஓடினால் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை. ஆக 5675 லிட்டர். முழுசாக நிரம்பாது, கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் 200 லிட்டர் பேரல் இருபதுக்கு மேல். ஒரே நிமிஷத்தில். டீசலில் ஆக்சிலேட்டரை விட்டாலும் காற்றை அடைக்கத் தட்டு எதுவும் கிடையாது, சுற்றுகிற வரைக்கும் இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

இவ்வளவு காற்றில் ஒரு பங்கு அந்த எம்-சீல் சந்து வழியாக, வடிகட்டாமல். அதுவும் சிமெண்டு லோடு ஏற்றுகிற யார்டில்.

பைப்பை நாமே புதிதாகச் செய்துவிடுவது என்று முடிவு. மேஸ்திரி வேண்டாம் என்கவில்லை. “செய்யலாங்க. செய்யறது பெருசில்ல, சந்து இல்லாமச் செய்யோணும்” என்றார்.

ஜூலை 22

பெரியவன் பெங்களூரிலிருந்து பேசினான். வியாபாரி ஒருவர் வந்து பார்ப்பாராம், எடைக்குத்தான் எடுப்பாராம். 98 மாடலுக்கு வேறென்ன கிடைக்கும் என்கிறான். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும். அண்ணன் 29, 30 ஃபாரத்தில் கையெழுத்துப் போடாமல் நான் விற்கவும் முடியாது, என் பெயருக்கு மாற்றவும் முடியாது. இது தெரிந்தும் பேசுகிறான்.

இவள் எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டுவிட்டு, “ஏனுங்க, அந்த பைப்பு ஆச்சுங்களா?” என்றாள்.

ஜூலை 24

சைலன்சர் கடையில் நாலு அங்குல எம்.எஸ். பைப், சாதா இரும்புதான், வாங்கினேன். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வேண்டாம் என்றுவிட்டேன். வெல்டிங்கில் துத்தநாகப் புகை ஒருபக்கம், பின்னால் பூச்சு உரிந்து இன்ஜினுக்குள் போகிற பயம் ஒருபக்கம்.

90 டிகிரி வளைவை ஒரே வெட்டில் மூலைபோல் ஒட்டினால் காற்று முட்டித் திரும்பும். அதனால் ஐந்து துண்டு, நாலு ஜாயின்ட். ஒவ்வொரு ஜாயின்டிலும் 22.5 டிகிரி திரும்ப வேண்டும், வெட்டு அதில் பாதி, 11.25. இதைக் கண்ணளவில் வெட்ட முடியாது. காலண்டர் அட்டையில் 319 மி.மீ. நீளத்துக்குப் பட்டை கிழித்தேன். அதுதான் பைப்பின் சுற்றளவு. பன்னிரண்டு பாகமாகக் கோடு போட்டு, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 20 மி.மீ. வித்தியாசம் வருகிற மாதிரி அலை வரைந்து வெட்டினேன். பட்டையைப் பைப்பில் சுற்றினால் அலை நேராகி, சாய்ந்த வட்டமாக உட்கார்ந்துகொள்கிறது. சாக்பீஸால் அதன் ஓரத்தையே பிடித்துக் கோடு. வெல்டர் தம்பி வந்து எட்டிப் பார்த்து, “எங்கிங்ணா படிச்சீங்க?” என்றான். அப்பா ஏர் டக்ட் வேலைக்கும் போனவர் என்று சொன்னேன்.

துண்டுகளை அடுக்கி வைத்தபோது மண்புழு வளைந்து கிடக்கிற மாதிரி இருந்தது. அழகாக இல்லை. இருக்கவும் வேண்டாம்.

ஜூலை 25

ஆர்க் வெல்டிங் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். மெல்லிசுத் தகடு, ஓட்டை விழும். அது போகட்டும், உள்பக்கம் தெறித்து ஒட்டுகிற குருணைகள்தான் கவலை. இன்றைக்கு ஒட்டியிருக்கும், ஆறு மாதம் அதிர்ந்த பிறகு ஒன்று கழன்றால் நேரே வால்வுக்குப் போகும். கேஸ் வெல்டிங் போடுகிற பெரியவர் ஒருவர் பழைய பட்டறையில் இன்னும் இருக்கிறார். நிதானமாகப் போட்டுக் கொடுத்தார், கூலியும் நியாயம்.

உள்ளே விரலை விட்டுத் தடவினேன். மூன்றாவது ஜாயின்டில் ஒரு முள். அரம் போட்டு எடுத்தோம். அப்புறம் மேஸ்திரி ஒரு வேலை செய்தார். பழைய நட்டுகளை எண்ணிப் போட்டு, இரண்டு வாயையும் ரப்பர் ஷீட்டால் கட்டி, அவரும் நானும் மாறி மாறிக் குலுக்கினோம். பொருக்கு எல்லாம் உதிர்ந்து கறுப்புத் தூளாகக் கொட்டியது. நட்டுகளைத் திரும்ப எண்ணினார். சரியாக இருந்தது. பிறகும் எண்ணினார்.

ஜூலை 26

சோப்புத் தண்ணீர். இரண்டு வாயையும் அடைத்து, சைக்கிள் டியூப் வால்வை ஒரு பக்க ரப்பரில் பொருத்தி, பம்பு அடித்து, ஜாயின்ட் மேல் நுரையைத் தடவினேன். முதல் மூன்றும் சும்மா இருந்தன. நாலாவதில் கடுகு அளவுக்கு ஒரு குமிழ். உடைந்தது, திரும்பவும் வந்தது. அதே இடம்.

“இது போதுங்ணா, பெயின்ட் அடிச்சா அடைஞ்சுக்கும்” என்றான் தம்பி. பெயின்ட் கதையைத்தான் 18-ஆம் தேதி பார்த்தோமே.

பெரியவரிடம் திரும்பக் கொண்டுபோனேன். பித்தளை ஓட்டிக் கொடுத்தார்.

ஜூலை 27

அண்ணி போன் எடுத்தாள். “அவர் வெளிய போயிருக்காருங்க” என்றாள். பின்னால் அண்ணன் இருமுகிற சத்தம் கேட்டது.

ஜூலை 29

மாட்டியாகிவிட்டது. ஆனால் மாட்டும்போதுதான் பழைய பைப் ஏன் உடைந்தது என்பது புரிந்தது. இன்ஜின் மவுன்டிங் ரப்பர்மேல் உட்கார்ந்து ஆடுகிறது. ஏர் கிளீனர் சேஸியோடு போல்ட் போட்டு நிற்கிறது. நடுவில் பைப்பையும் ஒரு பட்டி போட்டுச் சேஸியோடு கட்டியிருந்தார்கள். ஒரு முனை ஆடும், மற்றது ஆடாது. இரும்பு எவ்வளவு நாள் பொறுக்கும்? பட்டியை இன்ஜின் பக்கம் மாற்றி, ஏர் கிளீனர் பக்கம் கம்பி வைத்த குட்டை ஹோஸ் போட்டோம். பைப் வாயில் கம்பி வளையம் சுற்றிப் பற்ற வைத்திருப்பதால் ஹோஸ் வழுகாது. கிளிப்பை முறுக்கிவிட்டு மேஸ்திரி ஸ்குரூடிரைவரை என்னிடம் கொடுத்து, “நீங்களும் ஒரு சுத்து” என்றார்.

ஜூலை 30

கிளீனர் பையன், தூசியைப் பிடிக்க ஏர் கிளீனர் தொட்டியில் ஊற்றுகிற ஆயிலைக் கோட்டுக்கு மேல் ஊற்றி வைத்திருந்தான். நல்ல வேளை, ஸ்டார்ட் செய்யவில்லை. அதிகமானால் இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரிக்க ஆரம்பிக்கும், அப்புறம் டீசலை நிறுத்தினாலும் நிற்காது. கத்திவிட்டேன். பாவம், அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிறகு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 1

வளைவு காற்றை மறிக்கிறதா என்று பார்க்க, கொத்தனார் மாப்பிள்ளையிடம் தண்ணீர் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் இரவல் வாங்கினேன். பைப்பில் வளைவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சின்னத் துளை போட்டு மரை எடுத்து, டியூபின் இரு முனையையும் சேர்த்தோம். நடுவில் யூ மாதிரி தொங்கவிட்டுப் பாதித் தண்ணீர். டர்போ இல்லாத இன்ஜினுக்கு லோடு வேண்டியதில்லை, முழு ஆக்சிலேட்டர் கொடுத்தாலே போதும், இழுக்கிற காற்று கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது. நானும் மேஸ்திரியும் குனிந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். மூன்று, நாலு மில்லிமீட்டர் வித்தியாசம், அதற்குமேல் இல்லை. வளைவு காற்றை மறிக்கவில்லை.

துளைகளில் போல்ட், செம்பு வாஷர். அதற்கும் சோப்புத் தண்ணீர்.

வியாபாரி வந்தார். டயரை மட்டும் உதைத்துப் பார்த்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லவே இல்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. பவானி கூடுதுறையில் நிற்க இடமில்லை. இவள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கிளிப்பை நினைத்துக்கொண்டிருந்தேன். சூடேறி இறங்கினால் முதல் தடவை தளரும், திரும்ப முறுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5

சிமெண்டு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ரோட்டோரம் நிறுத்தி ஹோஸைக் கழற்றினேன். எதிர்க்காற்று, புளியமரத்து இலை எல்லாம் முகத்தில் அடிக்கிறது. பைப் வாயில் தூசி விழாமல் கையால் பொத்திக்கொண்டே துணியை விட்டுத் துடைத்தேன். லேசாக ஆயில் பிசுக்கு, அவ்வளவுதான். நகத்தில் சுரண்டிப் பார்த்தேன், நறநறப்பு இல்லை.

கிளிப் அரைச் சுற்று தளர்ந்திருந்தது.

ஆகஸ்ட் 6

நாளைக்கு எஃப்.சி., வண்டியின் தகுதிச் சோதனை. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டவில்லை, பின்பக்க லைட் ஒன்று எரியவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணனே கூப்பிட்டார். “நானும் வர்றேன்” என்றார். எதற்கென்று சொல்லாமல் வைத்துவிட்டார்.