கருகிய மோட்டாரைப் படிக்கத் தெரிந்த வாத்தியார் வேண்டும்

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் பையன்கள் பலருக்கும் கண்ணெல்லாம் ஓசூர் சிப்காட் மேல்தான். அங்கே மெயின்டனன்ஸில் சேர்ந்தவனிடம் புதிதாக ஒரு ஸ்டார்ட்டரை வயரிங் செய்து காட்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றுவிட்டது, ஏன் என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பையனைத் தயார் செய்ய, முதலில் வாத்தியாருக்குப் பழுது பார்த்த கை இருக்க வேண்டும்.

நாங்கள் படித்து வந்த வழியில் அது போதுமான அளவு கிடைப்பதில்லை. இரண்டு வருட ஐடிஐ, ஒரு வருட சிஐடிஎஸ் என்கிற வாத்தியார் பயிற்சி. பெரும்பாலும் கையில் தருவது நல்ல மோட்டார், அதற்குக் கரன்ட்டைச் சேர்த்துப் பிரிக்கிற காந்த சுவிட்சான நல்ல கான்டாக்டர். கனெக்‌ஷன் சரியாக இருந்தால் ஓடும், மார்க் விழும். கெட்டுப்போனது ஸ்டோருக்குப் போய்விடும். பாடமே அதற்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கிருஷ்ணகிரியில் எனக்குத் தெரிந்த, எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒரு ரிவைண்டிங் கடை உண்டு. மாங்கூழ் சீசன் வந்தால் வாசல் வரை மோட்டார் கிடக்கும். லீவு நாளில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். ஒரு தடவை கடைக்கார அண்ணா மோட்டாரின் சுற்றாத பாகமான, காயில் கட்டிய ஒரு ஸ்டேட்டரை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.

"மூணு பேஸும் ஒரே மாதிரி கருகியிருந்தா ஓவர்லோடு சார். இதுல பாருங்க, ரெண்டு பேஸ் காயில் கரியாயிடுச்சு, ஒண்ணு மட்டும் வார்னிஷ் நிறம்கூட மாறல. ஸ்டார் கனெக்‌ஷன். ஒரு பேஸ் வராமலே ஓடியிருக்கு."

மூன்று காயிலின் முனைகளை ஸ்டார் போல ஒரே புள்ளியில் சேர்க்காமல், டெல்டாவாக, முக்கோணமாக இணைத்திருந்தால் இது தலைகீழ்: ஒன்று கருகும், இரண்டு தப்பிக்கும். சிங்கிள் பேஸிங் என்று போர்டில் வட்டம் போட்டு எழுதுகிறோமே, அதன் கைரேகை இதுதான். காயிலை மட்டும் புதிதாகக் கட்டி அனுப்பினால் மறுபடியும் எரியும். பியூஸ், கான்டாக்டர் முனை, கரன்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலே எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். ஸ்டாரில் கிளப்பி டெல்டாவில் ஓட்டுகிற ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், ரிலே மோட்டார் காயிலோடு தொடராக இருந்தால், லைன் கரன்ட்டில் 0.58 பங்குதான் வைக்க வேண்டும். 20 ஆம்பியர் மோட்டாருக்கு 12க்குக் கொஞ்சம் கீழே. அங்கே 20லேயே திருப்பி வைத்தால் ரிலே இருந்தும் பயனில்லை.

இப்போது நானும் உடன் வேலை பார்க்கிற இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் பேனலில் ஒருவருக்கொருவர் பழுது வைத்துக்கொள்கிறோம். பட்டனை விட்ட பிறகும் கான்டாக்டரைப் பிடித்து வைக்கிற அதன் 13–14 முனைக்கு நடுவில் ஒரு துண்டுக் காகிதம் செருகினால் போதும். பச்சை பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மோட்டார் ஓடும், கையை எடுத்தால் நிற்கும். மூடியைத் திறக்குமுன் பார்த்ததையும் கேட்டதையும் எழுத வேண்டும். சப்ளையை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே கை. அனுபவமுள்ளவர்கள்கூட எடுத்த எடுப்பில் கான்டாக்டர் காயிலைக் கழற்றப் போகிறார்கள். நாலைந்து வாரத்தில் அந்தப் பழக்கம் போய், காகிதத்தில் யோசிக்கிற பழக்கம் வந்துவிடுகிறது. அதே பேனலைத் திங்கட்கிழமை பையன்களுக்குத் தருகிறோம்.

ஹாலில் உட்கார வைத்து ஸ்லைடு காட்டுகிற பயிற்சியைக் குறைத்து, மே, ஜூன் மாதங்களில் இன்ஸ்ட்ரக்டர்களை இரண்டு வாரம் மாங்கூழ் ஆலை மெயின்டனன்ஸ் ஆட்களோடு அனுப்பினால் பெரிய உதவி. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து இன்ஸ்ட்ரக்டர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஸ்டோரில் கிடக்கும் கருகிய ஸ்டேட்டரைப் பழைய இரும்பாக எழுதுமுன், ஒன்றையாவது எடுத்து, எந்தக் காயில் எந்தப் பேஸ் என்று சாக்பீஸால் குறித்து, பையன்களின் பெஞ்சில் வையுங்கள்.