டிஎன் 33, டிஎன் 34, அப்புறம் 974

ரீயூனியன் என்ற தீவு இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிறது. பாரிஸிலிருந்து விமானம் ஏறினால் பதினோரு மணி நேரம் ஆகும். ஆனால் பிரெஞ்சு அரசாங்கத்தின் கணக்கில் அது ஒரு மாவட்டம், அவ்வளவுதான். காலனி இல்லை, யூனியன் பிரதேசம் மாதிரியும் இல்லை. பாரிஸுக்கு மாவட்ட எண் 75 என்றால் இதற்கு 974. அந்தத் தீவுக்காரர் ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஈரோட்டிலிருந்து தாராபுரம் வரை சுற்றியபோதுதான் இந்தக் கதையெல்லாம் எனக்கு முழுசாகப் புரிந்தது. கூடவே, நம் கொங்குநாட்டின் எல்லைக் கோடுகள் எவ்வளவு விசித்திரமானவை என்பதும்.

வந்தவர் தமிழ் வம்சாவளி. ரீயூனியனில் அடிமை முறை 1848-ல் ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று காரைக்கால், புதுச்சேரி வழியாகக் கப்பலேற்றிக் கொண்டுபோன கூலிகளின் பேரப் பிள்ளைகள் வழி. அந்த ஊர் வழக்கப்படி முன்னால் ஒரு பிரெஞ்சுப் பெயர், பின்னால் முப்பாட்டனாரின் பெயர். தமிழ் பேச வராது. காவடி, தீமிதி, மாரியம்மன் என்று கோயில் சம்பந்தப்பட்ட சொற்கள் மட்டும் சுத்தமாக வருகின்றன. உள்ளாட்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் நிர்வாகம் பற்றிக் கேட்டால் போதும், மனிதர் உற்சாகமாகிவிடுவார். எங்கள் பேச்சை அங்குமிங்கும் மொழிபெயர்த்தவர் புதுச்சேரி நண்பர். அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலுக்குப் புதுச்சேரியில் இருந்தபடியே ஓட்டுப் போடுகிறவர்.

பழனிக்குப் போகும் வழியில் எங்கள் பக்கத்தையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் திட்டம். முதலில் பவானி கூடுதுறை. அமாவாசை இல்லை, ஆடிப்பெருக்கும் இல்லை, ஆனாலும் படித்துறையில் திதி கொடுக்கிறவர்கள் கூட்டம். சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வேதநாயகி அம்மன் சன்னிதிக்குப் போனோம். அங்கே நான் சொல்ல வேண்டியிருந்தது வில்லியம் காரோ கதை. கோயமுத்தூர் கலெக்டர். பவானியில் தங்கியிருந்த ஒரு ராத்திரி, சிறு பெண் ஒருத்தி வந்து எழுப்பி வெளியே கூட்டிப்போக, அவர் வெளியே வந்ததும் பங்களா இடிந்து விழுந்ததாம். வந்தது அம்மன்தான் என்று நம்பி 1804-ல் தந்தத்தில் ஒரு கட்டில் செய்து கொடுத்தார். வேற்று மதத்துக்காரர், உள்ளே வர முடியாது. அதனால் மதில் சுவரில் துளை போட்டு வெளியே நின்று கும்பிட்டாராம். துளைகளை இன்றும் காட்டுகிறார்கள். விருந்தாளி ஒரு துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார், சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "கலெக்டர் என்றால் எங்கள் ஊர் பிரெஃபெக்ட்தானே?" என்றார்.

ஏறக்குறைய அதேதான். நெப்போலியன் 1800-ல் உண்டாக்கிய பதவி பிரெஃபெக்ட். மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. பாரிஸ் அனுப்பி வைக்கும் ஆள். மாவட்டத்துக்கு ஒருவர். அதே காலத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் கொங்கில் கலெக்டர்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். 1799-ல் திப்பு விழுந்ததும் இந்தப் பகுதியை இரண்டாக வெட்டினார்கள். வடக்குக்குப் பவானி தலைமையிடம், தெற்குக்குத் தாராபுரம். 1804-ல் இரண்டையும் சேர்த்துக் கோயமுத்தூர் மாவட்டம் ஆக்கினார்கள். ஒரே ஒரு வித்தியாசம்: நம் கலெக்டர் முதலில் வரி வசூலிக்க வந்தவர். பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிரெஞ்சு மாவட்டங்களின் தொடக்கம் புரட்சிக் காலம். பழைய சீமைகள், பிரபுக்களின் பிடி எல்லாவற்றையும் கலைத்துவிட்டு 1790-ல் 83 மாவட்டங்களாகப் பிரித்தார்கள். எந்த மூலையிலிருந்து குதிரையில் கிளம்பினாலும் ஒரு நாளில் மாவட்டத் தலைநகரை அடைய வேண்டும் என்பது கணக்கு. இன்று 101 இருக்கின்றன. 96 ஐரோப்பாவில், 5 கடலுக்கு அப்பால்: குவாதலூப், மார்த்தினிக், பிரெஞ்சு கயானா, ரீயூனியன், மயோத். குதிரைக் கணக்கு அந்த ஐந்துக்கும் எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். "குதிரைக்கு நீச்சல் தெரிய வேண்டும்" என்றார்.

கோயிலிலிருந்து வெளியே வந்து காவிரிப் பாலத்தருகே டீ குடித்தோம். எதிர்க்கரையில் குமாரபாளையம். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "அக்கரை சேலம் ஜில்லாங்க" என்றார். நாமக்கல் தனி மாவட்டமாகி 1997-லிருந்து எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது, இந்த வயதுக்காரர்களுக்கு அது இன்னும் சேலம் ஜில்லாதான். அவரே தொடர்ந்தார்: "எங்க கலெக்டர் ஈரோடுங்க. ஆனா எம்.பி. திருப்பூர்காரருங்க. எதுத்தாப்ல இருக்குற குமாரபாளையத்துக்குக் கலெக்டர் நாமக்கல்லுங்க, எம்.பி. மட்டும் ஈரோடுங்க."

புதுச்சேரி நண்பர் இதை மொழிபெயர்த்ததும் விருந்தாளி நம்பவில்லை. தப்பாக மொழிபெயர்க்கிறாரோ என்று சந்தேகப்பட்டு, பேப்பரும் பேனாவும் எடுத்து ஆற்றை ஒரு கோடாகப் போட்டு, இரண்டு பக்கமும் எழுதச் சொன்னார். பெரியவர் சொன்னது அத்தனையும் சரி. 2008 தொகுதி மறுசீரமைப்பில் பவானி சட்டமன்றத் தொகுதி திருப்பூர் நாடாளுமன்றத் தொகுதிக்குப் போனது. குமாரபாளையம், ஆற்றைத் தாண்டி ஈரோட்டுக்கு வந்தது. அதே ஈரோடு தொகுதியில் காங்கேயமும் தாராபுரமும் இருக்கின்றன, இரண்டும் திருப்பூர் மாவட்டம். பிரான்ஸில் இப்படி நடக்காது. நாடாளுமன்றத் தொகுதியை மாவட்டத்துக்குள்தான் வெட்ட வேண்டும், எல்லை தாண்டக் கூடாது. ரீயூனியனுக்கு 7 எம்.பி.க்கள், ஏழு தொகுதியும் தீவுக்குள்ளேயே. தீவு என்றால் இதில் ஒரு சௌகரியம், எல்லையைக் கடலே போட்டுக் கொடுத்துவிடுகிறது.

பாலத்தைத் தாண்டினோம். முன்னால் போன வண்டிகளில் ஈரோட்டு எண்ணான டிஎன் 33 குறைந்து டிஎன் 34 கூடியது. திருச்செங்கோட்டு எண் அது. போர்வெல் ரிக் வண்டியில் இந்த எண்ணைப் பார்க்காத மாநிலம் இந்தியாவில் குறைவு. ராஜஸ்தானில் தாபாவில் நின்ற ரிக் வண்டியில் டிஎன் 34 பார்த்துவிட்டு, டிரைவரிடம் "எந்த ஊருங்க, மல்லசமுத்திரமா?" என்று கேட்டவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. விருந்தாளி தன் போனில் சொந்தக் கார் படத்தைக் காட்டினார். நம்பர் பிளேட்டின் வலது ஓரத்தில், நீலப் பட்டையில், சின்னதாக 974. பாரிஸ் தெருவில் இந்த எண்ணோடு ஒரு கார் போனால் கையைக் காட்டி நிறுத்தாத குறையாகத் தீவுக்காரர்கள் பார்ப்பார்களாம். டி-ஷர்ட்டில்கூட 974 என்று போட்டுக்கொள்கிறார்கள். அரசாங்கம் கொடுத்த எண், பச்சை குத்திக்கொள்ளும் அளவுக்குச் சொந்தமாகிவிட்டது.

திருச்செங்கோடு போகும் வழியில்தான் எனக்குப் பிடித்த விஷயத்தைச் சொன்னேன். கொங்குநாடு பழைய கணக்கில் 24 நாடுகள். பூந்துறை நாடு, காங்கேய நாடு, தென்கரை நாடு, ஆறை நாடு, பொங்கலூர்க்கா நாடு என்று போகும். இதில் பூந்துறை நாடு ஈரோட்டுப் பக்கம் இருக்கிறது. ஆனால் காவிரிக்குக் கிழக்கே, திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள பகுதிக்குக் கீழ்கரைப் பூந்துறை நாடு என்று பெயர். மேற்கே இருப்பது மேல்கரைப் பூந்துறை. ஆறு நடுவில் ஓடினாலும் இரண்டு கரைக்கும் நாட்டுப் பெயர் ஒன்றே. வெள்ளம் வந்தால் பரிசல்கூட ஓடாத காலத்தில் அதை ஒன்றாக வைத்திருந்தார்கள். பாலம் கட்டிய காலத்தில் நாம் ஆற்றையே மாவட்ட எல்லையாக்கிக்கொண்டோம்.

24 என்றதும் விருந்தாளி சிரித்தார். ரீயூனியனிலும் சரியாக 24 கம்யூன்கள். கம்யூன் என்றால் நம் ஊராட்சி, நகராட்சி இரண்டையும் சேர்த்த மாதிரி. எவ்வளவு சின்ன ஊராக இருந்தாலும் அதற்கு ஒரு மேயர் உண்டு. பிரான்ஸ் முழுக்க சுமார் 35,000 கம்யூன்கள், அதில் பாதிக்கு மேல் ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர்கள். நம் பஞ்சாயத்துத் தலைவரை அங்கே மேயர் என்று கூப்பிட்டு, மூவர்ணப் பட்டை மாட்டிக் கல்யாணத்தை நடத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அர்த்தநாரீஸ்வரர் மலைக்குக் காரிலேயே போய்விட்டோம். படியேற மூன்று பேருக்கும் மனசு இருந்தது, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மேலே நல்ல காற்று. அங்கே உட்கார்ந்துதான் தன் ஊரின் குறையைச் சொல்ல ஆரம்பித்தார்.

காலனியாக இருந்த நான்கு பகுதிகளை மாவட்டமாக்கும் சட்டம் 1946 மார்ச் 19-ல் வந்தது. அதற்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவர் மார்த்தினிக்கின் கவிஞரும் எம்.பி.யுமான எமே செசேர். பாரிஸ்காரனுக்கு உள்ள சட்டம் தோட்டக்காட்டுக் கூலிக்கும் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. சட்டம் வந்தது. ஆனால் குறைந்தபட்ச ஊதியம் ஐரோப்பியப் பிரான்ஸுக்குச் சமமானது 1996-ல்தான். ஐம்பது வருஷம்! 2011-ல் 101-வது மாவட்டமாகச் சேர்ந்த மயோத்தில் இப்போதும் குறைந்தபட்ச ஊதியம் குறைவு. மாவட்டம் என்று பலகை மாட்டுவது ஒரு நாள் வேலை, மற்றதெல்லாம் தலைமுறைக் கணக்கு.

இன்னொரு குறை எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிரான்ஸில் மாவட்டத்துக்கு மேலே மண்டலம் என்று ஒரு அடுக்கு உண்டு. 2016-ல் ஐரோப்பியப் பகுதியில் 22 மண்டலங்களை 13 ஆகக் குறைத்தார்கள். பல மாவட்டம் சேர்ந்தால் ஒரு மண்டலம். ரீயூனியனோ ஒரே மாவட்டம், அதே தீவு ஒரே மண்டலமும்கூட. அதனால் ஒரே நிலத்துக்கு இரண்டு மன்றங்கள், இரண்டு தலைவர்கள். தொடக்கப் பள்ளிக் கட்டடம் கம்யூன் பொறுப்பு, நடுநிலைப் பள்ளி மாவட்ட மன்றம், மேல்நிலைப் பள்ளி மண்டல மன்றம். கூரை ஒழுகினால் எந்த வகுப்பில் ஒழுகுகிறது என்று பார்த்துத்தான் மனுக் கொடுக்க வேண்டும். மார்த்தினிக்கும் கயானாவும் இரண்டு மன்றத்தையும் ஒன்றாக்கிவிட்டன. ரீயூனியன் ஆக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் அதில் ஒரு தமிழ்ப் பெயர் வருகிறது. 2003-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, கடல்கடந்த மாவட்டங்கள் சில விஷயங்களில் தாங்களே விதி வகுத்துக்கொள்ளலாம் என்று வழி செய்தார்கள். ரீயூனியனுக்கு மட்டும் அது வேண்டாம் என்று ஒரு விலக்கைச் சேர்க்க வைத்தவர், அந்தத் தீவின் செனட்டர் ஜான்-போல் வீராப்புள்ளே. வீரப்பிள்ளையின் வாரிசு. அவர் பெயரிலேயே அந்தத் திருத்தத்தைக் குறிப்பிடுகிறார்கள். தனி அதிகாரம் என்று ஆரம்பித்தால் கடைசியில் தனி நாடு என்று கழற்றிவிட்டுவிடுவார்கள் என்ற பயம் பெரியவர்களுக்கு. கையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள் என்ற கோபம் இளைஞர்களுக்கு. விருந்தாளி எந்தப் பக்கம் என்று கேட்டேன். "பென்ஷன் பாரிஸிலிருந்து வருகிறது" என்று மட்டும் சொன்னார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

புதுச்சேரி நண்பர் அதுவரை பொறுமையாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர், "எங்க யூனியன் பிரதேசத்தப் பத்திக் கேக்க மாட்டீங்களா?" என்றார். நியாயம்தான். புதுச்சேரி, காரைக்கால் தமிழ்நாட்டுக்குள், மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். பிரெஞ்சுக்காரன் பிடித்து வைத்திருந்த துண்டுகள் என்பதைத் தவிர நான்கையும் சேர்க்க வேறு காரணமே கிடையாது. அங்கேயாவது சட்டசபை இருக்கிறது. அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் அதுகூட இல்லை, ஆளுக்கு ஒரு எம்.பி. மட்டும். இந்த விஷயத்தில் ரீயூனியனின் நிலைமை நம் தீவுகளைவிட எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

மறுநாள் சிவன்மலை. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி முன்னால் விருந்தாளி ரொம்ப நேரம் நின்றார். யாராவது ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார், அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள், அடுத்த உத்தரவு வரும்வரை அதுவே இருக்கும். முன் வைத்ததை எடுக்கச் சொல்லி யார் மேல்முறையீடு செய்வது என்று கேட்டார். அலுவலகத்தில் காலம் தள்ளியவர் கேள்வி அப்படித்தான் இருக்கும். காங்கேயத்தில் அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும். பருப்பும் சோறும் இல்லாமல் ரீயூனியனிலும் சாப்பாடு இல்லையாம், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

தாராபுரத்தில் பழனி பஸ் ஏறுவதற்கு முன்னால் அந்த ஊரின் ஜாதகத்தைச் சொன்னேன். ஒரு காலத்தில் தென்பகுதிக்கே தலைமையிடம், பிறகு கோயமுத்தூர் மாவட்டம், 1979-லிருந்து ஈரோடு, 2009-லிருந்து திருப்பூர். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மாவட்டம்தான் வந்து வந்து போகிறது. இதைக் கேட்டு அவர் பெருமையாக, "நாங்கள் 1946-லிருந்து ஒரே மாவட்டம்" என்றார்.

தைப்பூசத்துக்கு அங்கே வரச் சொல்லியிருக்கிறார். அந்தத் தீவின் செயின்ட் ஆந்த்ரே என்ற ஊரில் காவடி நம் ஊரைவிட ஒழுங்காக நடக்கும் என்று நண்பர் சொல்கிறார். விசாரித்துப் பார்த்தேன். யூரோ செல்லும், பிரெஞ்சுச் சட்டம், பிரெஞ்சு போலீஸ், ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதியும்கூட. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாம் என்கிற செங்கன் எல்லைக்குள் ரீயூனியன் வராது. பாரிஸுக்கு வாங்கிய செங்கன் விசாவை வைத்துக்கொண்டு இந்த மாவட்டத்துக்குள் நுழைய முடியாது. விண்ணப்பத்தில் கடல்கடந்த பகுதி என்று தனியாகக் குறிப்பிட்டு வாங்க வேண்டும்.