கடைசி நாலு விநாடி

ஆறு நாளாக இணைய ஏலத்தில் அந்தச் சிவப்பு பொம்மை பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். லெஸ்னி கம்பெனி தயாரித்த காலத்து மேட்ச்பாக்ஸ் குட்டி வண்டி, நம்பர் 5, ரூட்மாஸ்டர் என்கிற லண்டன் மாடி பஸ், 1965-இல் வந்த மாடல். ஏலம் முடிவது நம் நேரத்துக்கு ராத்திரி ஒன்றரை மணி. கண் எரிய உட்கார்ந்திருந்தால், கடைசி நாலு விநாடியில் யாரோ தானாக ஏலம் கேட்கும் மென்பொருளை வைத்து அரை பவுண்டு கூட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டார். மனுஷன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்!

சரி, ஜெயித்தால் மட்டும் என்ன? போன மாதம் 'பெட்டியோடு, அருமையான நிலையில்' என்று போட்டிருந்த ஒன்றை எடுத்தேன். பொருளைவிடத் தபால் செலவு அதிகம், சுங்கவரி தனி. வந்ததும் திருப்பிப் பார்த்தால், அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டில் துளை போட்ட தடம். கழற்றிப் புதுசாகப் பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். பெட்டியும் மறுஅச்சு, 60 வருட அட்டை இப்படிப் பளீரென்றா இருக்கும்? படங்களில் அடிப்பக்கம் ஒன்றுகூட இல்லை, அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். விற்றவரைக் கேட்டால், 'தாத்தா பரணில் கிடந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது' என்கிறார்.

இன்று காலை இன்னொரு ரூட்மாஸ்டர் ஏலத்துக்கு வந்திருக்கிறது. அடிப்பக்கப் படம் கேட்டு எழுதியிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.