13 குடும்பம், 44 தாள்

காமன் கூத்தில் கடைசியில் காமன் எரியப்போவது பார்க்க வருகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஃப்ரீஃபார்ம் ஆட்டத்தின் முடிவு அதை எழுதியவர்களுக்கே தெரியாது. மேடையும் பார்வையாளரும் மனப்பாட வசனமும் கிடையாது. ஒரு மண்டபம், நாற்பது பேர், ஆளுக்கொரு பாத்திரத்தாள், மூன்று மணிநேரப் பேச்சு. விளையாட்டுப் பிரியர்கள் கூடும் கன்வென்ஷன்களில் ஒரே வேளைக்குள் முடிக்கிற இந்த வடிவத்தை இலங்கை மலையகத்துக் கதையோடு தமிழில் எழுதி, ஹட்டன் பக்கத்து மண்டபங்களில் நடத்தியதில் கைக்கு வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறோம்.

எடுத்துக்கொண்டது 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அதன் கணக்கே ஆட்டத்துக்கு எலும்பு. இலங்கையில் குடியுரிமையற்றிருந்த இந்திய வம்சாவளியினர் (பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்) 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 150,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம். 75,000ஆல் வகுத்தால் 7, 4, 2. கூட்டினால் 13. ஆகவே 13 குடும்பம், குடும்பத்துக்கு மூன்று பேர், மொத்தம் 39. இந்தக் கணக்குக்கு வெளியே தோட்ட நிர்வாகியான துரை, பெரிய கிளாக்கர், தேயிலை ஆலையின் டீ மேக்கர், மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர், கடை முதலாளி என்று ஐந்து பேர். போவதா இருப்பதா என்று குடும்பத்துக்கு ஒரே விண்ணப்பம். மூன்று பேரின் விருப்பமும் மூன்று திசையில். ஆளுக்கொரு விண்ணப்பம் வைத்தால் கிளாக்கர் மேசை முன்னால் வரிசை கட்டி நிற்பதிலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

அனுப்புவதும் ஏற்பதும் விகிதப்படி சேர்ந்தே நகரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதை இப்படி விதியாக்கினோம்: இந்தியப் பெட்டியில் இரண்டு விண்ணப்பம் விழுந்தால் இலங்கை விண்ணப்பம் ஒன்றுக்கு முத்திரை, நான்கு விழுந்தால் இரண்டு, ஆறுக்கு மூன்று, ஏழுக்கு நான்கு. நேரம் முடிகையில் முத்திரை விழாத விண்ணப்பமெல்லாம், பிறகு பேசுவதற்கான மூன்றாம் பெட்டிக்கு. ‘நீங்கள் போனால்தான் நாங்கள் இருக்கலாம்’ என்ற பேச்சைப் பாத்திரத்தாளில் எழுதத் தேவையில்லை. ஒரு மணிநேரத்துக்குள் அது தானாக வாயில் வந்துவிடும்.

எழுதும் வேலையைக் கட்டம் போட்டுத்தான் தொடங்கவேண்டும். இடப்பக்கம் 44 பெயர், மேலே 16 முடிச்சு. காணாமற்போன சங்கச் சந்தா, பிறப்புச் சான்று இல்லாத பிள்ளை, ஊரில் இருப்பதாகச் சொல்லும் காணி, கடைக் கடன், பேசி முடித்த கல்யாணம் எல்லாம் முடிச்சுகள். ஒரு முடிச்சில் 6 முதல் 10 பேர், ஒருவருக்கு மூன்று முடிச்சு. ஆறுக்குக் கீழே போனால், இரண்டு பேர் வராத அன்றைக்கு அந்த முடிச்சு செத்துவிடும். பத்தைத் தாண்டினால் நாலு பேர் பேச மற்றவர்கள் கைகட்டி நிற்பார்கள். கட்டத்தில் ஒருவருக்குப் போட்ட மூன்று புள்ளடியும் அவருடைய வீட்டாரோடு மட்டும் என்றால், அவர் ஒரு மூலையிலேயே உட்கார்ந்திருப்பார். ஒன்றாவது மேல்லயத்து (மேலே உள்ள தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஆளோடு இருக்கட்டும்.

எந்தச் செய்தியையும் ஒரே ஆளிடம் வைக்கக்கூடாது. சந்தாப் பணம் எங்கே என்று தெரிந்த ஒருவர் கூச்சப்பட்டு வாய் திறக்காவிட்டால் எட்டுப் பேரின் காலைப்பொழுது வீண். இரண்டு பேருக்குத் தெரியவேண்டும். அந்த இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்கக்கூடாது.

உறவுமுறைதான் எங்களை அதிகமாக வதைத்தது. நாலு பேர் பிரித்து எழுதும்போது, ஒரு தாளில் வேலு உங்களுக்குச் சித்தப்பா என்று வந்துவிடும். இன்னொரு தாளில் வேலுவின் மகளோடு உங்களுக்குக் காதல். மண்டபத்தில் அவர்கள் அண்ணன் தங்கை என்று முதல் பத்து நிமிடத்தில் யாராவது ஒரு பெரியவர் கண்டுபிடித்துச் சிரிப்பார், அந்த முடிச்சு அத்தோடு சரி. அதனால் கொண்டான் கொடுத்தான் முறையைத் தனியாக ஒரு படமாக வரைந்து, எல்லாத் தாள்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து வாசிக்கவேண்டும். இவர் அவரை மச்சான் என்றால் அவர் தாளிலும் இவர் மச்சானா?

யார் வருவார்கள் என்று தெரியாமல் எழுதுவதால் சில பாத்திரங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தவேண்டும். தமிழ் வினை இதற்கு இடம் தராது. வந்தான், வந்தாள் என்று காட்டிக்கொடுத்துவிடும். சொந்தத் தாளை ‘நீங்கள்’ என்றும், பிறர் தாளில் ‘சொன்னார்’, ‘போனார்’ என்றும் எழுதினால் தப்பிக்கலாம். மணி, தங்கம், ஜோதி போன்ற பெயர்கள் உதவும். ஆனால் மாமன், அத்தை என்ற முறை வந்தவுடன் மாட்டிக்கொள்வோம். அதனால் இப்படியான 12 பேரையும் கடன் கொடுத்தவர், அடுத்த காம்பராவில் (லயத்து அறையில்) இருப்பவர், கூட வேலை செய்பவர் என்றே பிறரோடு இணைத்தோம். தேடி மாற்றும் வசதியை நம்பி ஆணைப் பெண்ணாக்கினால் ஒவ்வொரு விகுதியும் பல்லைக் காட்டும்.

மரியாதை இன்னொரு சங்கடம். இருபது வயதுப் பையன் துரையாகவும் அறுபது வயதுக்காரர் கொழுந்தெடுப்பவராகவும் வந்தால் ‘நீ’ என்ற சொல் அவன் வாயில் வராது. தாளின் தலைப்பில், மற்றதற்கெல்லாம் முன்னால், யாரை எப்படி அழைப்பீர்கள் என்று ஐந்து வரி போடுங்கள். துரைக்கு எல்லாரும் ‘நீ’. கிளாக்கருக்கு ‘நீர்’ போதும். தாள் சொன்னதால் சொல்கிறேன் என்ற தைரியம் கிடைக்கும்.

ஒரு தாள் ஏறக்குறைய 900 சொல், மூன்று பக்கம். 44 பேருக்கு 132 பக்கம், பொதுப் பின்னணிக்கு இரண்டு பக்கம் தனியாக. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்ததை அச்சுக்கடைக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரலாம். யூனிகோடில் எழுதி பிடிஎஃப் ஆக்கியே கொடுங்கள். பசை உறைகள் வேண்டாம். மழைக்கால ஈரத்தில் இரவோடிரவாக அவை தாமே ஒட்டிக்கொள்ளும், ஸ்டேப்ளர் போதும்.

ஆறு வாரம் முன்பு வாட்ஸ்அப்பில் பத்துக் கேள்வி: சண்டை பிடிக்குமா, பொய் சொல்ல வருமா, வீட்டில் இந்தக் கதை இன்னும் ஆறாத புண்ணா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றவரிடம் தனியாகப் பேசித்தான் பாத்திரம் கொடுப்பது. தாள் அனுப்புவது இரண்டு வாரம் முன்பு. அதற்கு முந்தினால் மறந்துவிடுவார்கள், பிந்தினால் பேருந்தில் வாசிப்பார்கள். எப்படியும் நாலைந்து பேர் வரமாட்டார்கள். குடும்பத்தின் மூன்றாம் ஆளை எடுத்துவிட்டாலும் முடிச்சு நிற்கும்படி எழுதியிருந்தால் 31 பேரோடும் ஓடும். கடை முதலாளி, கிளாக்கர் இருவரையும் மட்டும் நம்பகமானவருக்குக் கொடுக்கவேண்டும்.

காலை 10 மணிக்கு விளக்கம், 20 நிமிடம். 10.20க்குத் தொடக்கம், 1.20க்கு முடிவு. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் பேருந்தை நினைத்துக் கடிகாரம் பார்க்கத் தொடங்குவார்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் மைக்கும் எடுபடாது. தப்பு மேளம்தான் கைகொடுத்தது: ஒரு அடி என்றால் அரைமணி போய்விட்டது, மூன்று அடி என்றால் எல்லாரும் நிற்கவேண்டும். தேநீரை மண்டபத்து ஓரத்தில் வைக்காமல் ஆட்டத்துக் கடையிலேயே வையுங்கள். தேத்தண்ணிக்கு வருகிறவர் கடன்காரரிடம் மாட்டியே தீருவார்.

நடுவர் ஐந்து பேர். ஒருவர் மேசையை விட்டு எழும்பக்கூடாது, மற்ற நால்வரும் உலாவவேண்டும். தீர்ப்பெல்லாம் ஒரே கொப்பியில் நேரத்தோடு பதியவேண்டும். ஒரு நடுவர் காணி உண்டு என்றும் இன்னொருவர் இல்லை என்றும் சொல்லிவிட்டால் பிறகு ஒட்டுப்போட முடியாது. கைகலப்பு கிடையாது. ஒருவர் தம் தலையில் கை வைத்தால், பாத்திரமாக அல்லாமல் தாமாகவே பேசுகிறார் என்று பொருள். அந்த நேரம் பாத்திரத்தை யாரும் பிடித்து இழுக்கக்கூடாது.

கடைசி நாற்பது நிமிடம் பெட்டிகளைத் திறந்து வாசிக்க. மூன்றாம் பெட்டியில் இரண்டு குடும்பம் மிஞ்சினால், 1974இல் அந்த 150,000 பேரையும் 75,000 வீதம் இரு நாடும் பிரித்துக்கொண்டதை அப்போதுதான் சொல்கிறோம். ஆட்டக் கணக்கில் ஒரு குடும்பம் அங்கே, ஒரு குடும்பம் இங்கே. அதற்கு மேல் மிஞ்சினாலும் சரிபாதிதான்; ஒற்றைப்படை என்றால் கடைசிக் குடும்பத்துக்குச் சீட்டுக் குலுக்கல். இதுவரைக்கும் பெயர் அட்டைகளைக் கழற்றவிடாதீர்கள். முந்திக் கழற்றினால் எல்லாரும் சோற்றுப் பார்சலைத் தேடிப் போய்விடுவார்கள், மிஞ்சியவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.