மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் எதிர்காலம்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கரையில் கருமணலோடு கலந்து மோனசைட் என்ற கனிமம் கிடக்கிறது. அதற்குள் இருப்பது தோரியம். அப்படியே எரிபொருளாகாது; அணு உலையில் ஒரு நியூட்ரானை உள்வாங்கி, படிப்படியாக யுரேனியம்-233 ஆக மாறிய பிறகுதான் பயன்படும். நம்மிடம் யுரேனியம் குறைவு, தோரியம் ஏராளம். அதனால்தான் அணு விஞ்ஞானி ஹோமி பாபா 1950-களிலேயே மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தை வகுத்தார். மூன்றாம் கட்டம்தான் தோரியத்துக்கானது, அது இன்னும் வரவில்லை. கல்பாக்கத்தில் 1996-ல் இயங்கத் தொடங்கிய காமினி ஆய்வு உலை யுரேனியம்-233-ல்தான் ஓடுகிறது. திறன் வெறும் 30 கிலோவாட்!

இந்த அறிவியல் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. நிலக்கரியை எரிக்காமல் பல தலைமுறைக்கு மின்சாரம் கிடைப்பது சின்ன விஷயமா? (ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளையும் நேசிக்கிறேன். ஆனால் காற்று எல்லா மாதமும் ஒரே மாதிரி வீசாதே.)

சரி, மணல் எங்கிருந்து வரும்? மீனவர்கள் குடியிருக்கும் கரையிலிருந்து. இயற்கைக் கதிர்வீச்சு ஏற்கெனவே அதிகமுள்ள இடம், கடலரிப்பும் உண்டு. நூறு வருடத்துக்கு யோசிக்கிறவர்கள், புதிதாக ஒரு பிடி மணல் அள்ளும் முன் அந்தக் குடும்பங்களின் உடல்நலத்தை முறையாக ஆய்வு செய்து, முடிவுகளைத் தமிழிலேயே ஊர்க்கூட்டத்தில் வைக்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.